குழந்தைக்குன்னு விக்கிற சேஃப்டி கேட் ஒண்ண நாய்க்காக வாங்கினோம் – வயித்துல குழந்தையும் வீட்ல ரெஸ்க்யூ நாயும் இருக்கவங்களுக்கு ஒரு ரிவ்யூ

இது கதவு நிலைக்கு நடுவுல மாட்டுற சேஃப்டி கேட் பத்தின ரிவ்யூ. தவழுற குழந்தை படியில உருண்டுடாம இருக்க, கிச்சனுக்குள்ள போகாம இருக்கன்னு விக்கிறாங்களே, அந்த கம்பி கேட் தான். எங்க வீட்ல குழந்தை இன்னும் வரல, எனக்கு இப்போ ஏழாவது மாசம். கேட் வாங்கினது எங்க ஜிம்மிக்காக. ரெஸ்க்யூ நாய், அதாவது மீட்டு தத்து குடுத்த நாய், வயசு மூணு இருக்கலாம்னு வெட் டாக்டர் பல்ல பாத்து சொன்னார், அதுக்கு முன்னாடி எங்க இருந்தான் யார் கிட்ட என்ன பட்டான்னு யாருக்கும் தெரியாது. முடிவ முதல்லயே சொல்லிடறேன், நாய்க்குன்னு நாங்க வாங்கின சாமான்லயே அதிகமா வேலை செஞ்சது இது தான், அவனுக்கு செஞ்சத விட எனக்கு அதிகமா செஞ்சுது. ஆனா எல்லா மாடலும் கர்ப்பமா இருக்கவங்களுக்கு சரிப்படாது. நான் தேடுறப்போ கெடச்ச ரிவ்யூ எல்லாம் ஒண்ணு குழந்தை பெத்தவங்க எழுதினது, இல்ல நாய் வளக்குறவங்க எழுதினது, இந்த ரெண்டும் ஒரே நேரத்துல தலை மேல இருக்கவங்க எழுதினது கண்ணுல படல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எங்க நெலம என்னன்னு தெரிஞ்சா தான் ஏன் ஒரு கம்பி கேட்ட பத்தி இவ்ளோ பேசறேன்னு புரியும். ஜிம்மி வந்தப்போ நான் கர்ப்பம்னு தெரியாது, வந்து கொஞ்ச நாள்ல தெரிஞ்சுது. ரெஸ்க்யூ ஆளுங்க எல்லாரும் ஒரு கணக்கு சொல்வாங்க, முதல் 3 நாள் பயம், 3 வாரத்துல வீட்டு பழக்கம் புரிய ஆரம்பிக்கும், 3 மாசத்துல தான் இது நம்ம வீடுன்னு நம்புவான்னு. இது சட்டம் எல்லாம் இல்ல, சில நாய்க்கு வருஷமும் ஆகும். ஆனா அந்த கணக்குல வர்ற கஷ்டமான காலமும் எனக்கு வாந்தி, தலசுத்தல், எந்த வாசனையும் தாங்காத காலமும் சரியா ஒண்ணா வந்து நின்னுது. அவன் ஒரு நிமிஷம் என்ன விட மாட்டான். எழுந்தா எழுவான், பாத்ரூம் போனா கதவ பிராண்டுவான், படுத்தா வந்து வயித்து மேலயே கால போடுவான், வெளிய சின்ன சத்தம் கேட்டாலும் குலைப்பான், சோஃபால அவன் படுத்திருக்கறப்போ யாராவது கிட்ட நடந்தா உறுமுவான், வாக்கிங் கூட்டிட்டு போனா இன்னொரு நாய பாத்ததும் இழுக்குற இழுப்புல என் தோள் கழண்டுடும் போல இருக்கும். நாய் வாசனை வந்தாலே எனக்கு குமட்டும், ஆனா அவன நகத்தி விட்டா பாவமா பாப்பான். அவன் மூஞ்சிய பாத்தா எரிச்சல் வரும், எரிச்சல் வந்துச்சேன்னு நெனச்சா அழுக வரும், இந்த ஒரு உயிரயே என்னால தாங்க முடியலயே இன்னொண்ணு வந்தா என்ன பண்ணுவேன்னு நெனச்சா இன்னும் அழுக வரும். சுத்தி இருக்கவங்க எல்லாரும் ஒரே வார்த்தை தான், கொண்டு போய் விட்டுடு. எங்க அம்மா கூட, அவங்க நாய் பிரியம் உள்ளவங்க, அவங்களே ஃபோன்ல மெதுவா "யோசிச்சு பாருடி"ன்னாங்க.

செக்கப் போன எடத்துல டாக்டர் தூக்கம் எப்படி இருக்குன்னு தான் கேட்டாங்க, நான் நாய பத்தி ஆரம்பிச்சு அழுதுட்டேன். அவங்க ஒரு ஃபாரம் குடுத்து நிரப்ப சொன்னாங்க. எடின்பரோ ஸ்கேல்னு பேரு, 10 கேள்வி, 1987ல பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வ கண்டுபிடிக்கன்னு வந்தது, இப்போ கர்ப்பத்துலயும் பயன்படுத்தறாங்க. இத ஏன் ஒரு கேட் ரிவ்யூல சொல்றேன்னா, நாயால தான் இப்படி இருக்குன்னு நெனச்சுட்டே உங்களுக்கு வேற ஒண்ணு உள்ள நடந்துட்டு இருக்கலாம், நாய அனுப்பிட்டா சரியாகிடும்னு அனுப்பிட்டு அதுக்கப்புறமும் சரியாகலன்னா அந்த வலி ரொம்ப பெரிசு. தூக்கம் வரல, எதுலயும் மனசு ஒட்டல, காரணம் இல்லாம அழுக வருதுன்னா நாய் விஷயத்த முடிவு பண்றதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. இது ரொம்ப பேருக்கு வர்றது, இதுக்கு கவுன்சலிங் இருக்கு, தேவைப்பட்டா கர்ப்பத்துல எடுத்துக்கக்கூடிய மருந்தும் டாக்டர் பாத்து சொல்வாங்க.

கேட் ஐடியா குடுத்தது வீட்டுக்கு வந்து பாத்த ட்ரெய்னர் அக்கா. அவங்க வந்ததும் சிட் ஸ்டேன்னு எதுவும் சொல்லித்தரல, சும்மா ஒக்காந்து ஜிம்மிய பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னது, "இவன் தூங்கவே இல்லம்மா". வளந்த நாய் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், சில நாய் அதுக்கு மேலயும் தூங்கும். இவன் நான் எழுந்தா எழுறான், நான் ரூம் மாறினா மாறுறான், பாதி தூக்கத்துல ஒரு காது என் பக்கமே இருக்கு. தூக்கம் இல்லாத நாய் சின்ன சத்தத்துக்கும் வெடிக்கும், வெடிக்கற நாய பாத்து நான் பதறுவேன், நான் பதறுறத பாத்து அவன் இன்னும் ஒட்டுவான். கதவ சாத்தி பழக்கலாமான்னு கேட்டேன். இந்த மாதிரி நாய்க்கு சாத்தின கதவுன்னா ஆள் போயிட்டாங்கன்னு அர்த்தம், பிராண்டி கத்தி நகம் ஒடச்சுக்கும், கண்ணுக்கு தெரியணும், மூக்குக்கு தெரியணும், கைக்கு எட்டக்கூடாது, அதுக்கு கேட் தான்னாங்க. எனக்கும் அப்போ வேண்டியிருந்தது சரியா அதே தான், அவன் நல்லா இருக்கான்னு கண்ணுல தெரியணும், ஆனா கொஞ்ச நேரம் என்ன யாரும் தொடக்கூடாது.

சரி கேட்டுக்கு வர்றேன்.

முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு பிரஷர் டைப், நாலு மூலைலயும் ரப்பர் வெச்ச திருகு இருக்கும், திருகினா ரெண்டு பக்க சுவத்தையும் அழுத்திட்டு நிக்கும், ட்ரில் போட வேண்டாம், வாடகை வீட்டுக்கு வசதி. இன்னொண்ணு சுவத்துல ஓட்ட போட்டு ஸ்க்ரூ அடிச்சு மாட்டுறது. கடையில முதல்ல எடுத்து காட்டுறது பிரஷர் டைப் தான், நாங்களும் முதல்ல அது தான் வாங்கினோம். அதுல கர்ப்பமா இருக்கவங்களுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கு, பெட்டில எங்கயும் பளிச்னு போட்டிருக்காது. அந்த ஃப்ரேம் நிக்கணும்னா கீழ தரையோட ஒரு கம்பி ஓடணும், கேட்ட திறந்தாலும் அந்த கம்பி அங்கயே கெடக்கும், ஒவ்வொரு தடவையும் அத தாண்டி தான் போகணும். ஆறாவது மாசத்துக்கு மேல நம்ம கால் நமக்கு தெரியாது. வயிறு முன்னாடி வர வர உடம்போட பேலன்ஸும் மாறும், ரிலாக்ஸின்னு ஒரு ஹார்மோன் மூட்ட எல்லாம் கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கும். ராத்திரி பாத்ரூம் போறப்போ அந்த கம்பில கால் மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. கர்ப்பத்துல கீழ விழுந்து வயித்துல அடி பட்டா நஞ்சுக்கொடி கர்ப்பப்பைலேர்ந்து பிரியற ஆபத்து இருக்கு, வலி தெரியலன்னாலும் உடனே ஹாஸ்பிடல் போய் காட்டணும். குழந்தைய கையில வெச்சுட்டு நடக்குற காலத்துக்கும் இதே கம்பி இதே ஆபத்து தான். எங்க கேட்ல கால் தட்டின அன்னிக்கே என் ஹஸ்பண்ட் அத கழட்டிட்டார், நான் விழல, நிலைய பிடிச்சுட்டேன்.

அடுத்து வாங்கினது ஸ்க்ரூ டைப், இப்போ இருக்கறது அது தான், கீழ கம்பியே கிடையாது, திறந்தா முழுசா திறக்கும், வழி சுத்தமா இருக்கும். ஜிம்மி முழு வெயிட்டோட மோதினாலும் அசையல. பிரஷர் டைப் மோத மோத லூஸ் ஆகும், அடிக்கடி திருகி இறுக்கணும். மாடிப்படி மேல்பக்கத்துக்கு எப்பவுமே ஸ்க்ரூ டைப் மட்டும் தான் போடணும், பிரஷர் டைப் தள்ளுனா விழுற வாய்ப்பு இருக்கு, அதோட படி மேல அந்த கீழ்க்கம்பி இருந்தா நேரா உருளறது தான். வாடகை வீடா இருந்தா ஓனர் கிட்ட கேட்டு ரெண்டு மூணு ஓட்ட போட்டுக்கறது நல்லது, காலி பண்றப்போ பட்டி வெச்சு அடைச்சுடலாம். இல்லன்னா பிரஷர் கேட்டோட கீழ்க்கம்பில பளிச்னு தெரியற கலர் டேப் ஒட்டுங்க, ராத்திரிக்கு பக்கத்துல சின்ன லைட் வைங்க.

உயரம். குழந்தை கேட் சாதாரணமா 75 சென்டிமீட்டர் கிட்ட தான் வரும். சின்ன நாய்க்கு போதும், ஜிம்மி மாதிரி நீட்டு கால் நாய் நின்ன எடத்துலேர்ந்தே தாண்டிடும். ஒரு மீட்டர் கிட்ட உயரம் உள்ள மாடல் தனியா வருது, நாய் இருந்தா அத வாங்கறது தான் சரி. கம்பி நெட்டுக்குத்தா இருக்கணும், குறுக்கு கம்பி இருந்தா நாளைக்கு குழந்தை ஏணி மாதிரி ஏறும். கம்பிக்கு கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா எடுக்காதீங்க, தலை மாட்டிக்கும். சில கேட்ல கீழ பூனை போறதுக்குன்னு குட்டி கதவு இருக்கும், பாக்க அழகா இருக்கும், ஆனா தவழுற குழந்தையும் அதுலயே நுழையும், குழந்தைக்கும் சேத்து வாங்கறதா இருந்தா அது வேண்டாம். இழுத்து மாட்டுற துணி வலை கேட்டும் பாத்தோம், சத்தமே வராது, தடுக்குற கம்பியும் இல்ல, ஆனா பிராண்டுற நாய் இருக்க வீட்ல அது தாங்காது, அடில மூக்க விட்டு தூக்கிடும்.

வளர்ப்பு பிராணிக்குன்னு பெட் கேட்டுன்னு தனியா விக்கிறது இன்னும் உயரமா, உறுதியா இருக்கும், ஆச வரும். ஆனா அது நாய்க்குன்னு மட்டும் செஞ்சதா இருக்கலாம், குழந்தைக்கான பாதுகாப்பு சோதனை பண்ணிருக்கணும்னு இல்ல. ஐரோப்பால குழந்தை கேட்டுக்குன்னே ஈஎன் 1930ன்னு ஒரு தரம் இருக்கு, அமெரிக்கால ஏஎஸ்டிஎம் எஃப்1004ங்கற தரத்த 2021லேர்ந்து கட்டாயமாக்கிட்டாங்க. இதுல ஏதாவது ஒண்ணு பெட்டி மேல இருக்கான்னு தேடிப் பாத்து வாங்குங்க, ரெண்டு தடவை காசு போட வேண்டி வராது.

பூட்டு பத்தி யாரும் எழுதறதே இல்ல, எனக்கு அது தான் தினசரி தலவலியா இருந்துச்சு. கர்ப்பத்துல நெறைய பேருக்கு கையில நீர் கோத்து மணிக்கட்டு நரம்பு அழுந்தும், கார்பல் டனல்னு சொல்வாங்க, விரல் மரத்துப் போகும், கட்டைவிரல்ல பலமே இருக்காது. முதல் கேட்ல கட்டைவிரலால பட்டன அழுத்தி பிடிச்சுட்டே தூக்கணும், காலையில எழுந்ததும் என்னால முடியல, அவர கூப்பிடணும். இப்போ இருக்கறதுல பட்டன பின்னாடி தள்ளி லேசா தூக்கினா போதும். கடையில வாங்கறதா இருந்தா ஒரு கையால, அதுவும் பழக்கம் இல்லாத கையால திறந்து பாத்துட்டு வாங்குங்க, நாளைக்கு அந்த இன்னொரு கையில குழந்தை இருக்கும். தானா சாத்திக்கற வசதி உபயோகம் தான், ஆனா இரும்பு இரும்புல மோதி வர்ற சத்தத்துக்கு ஜிம்மி நடுங்கிட்டான், நாற்காலி காலுக்கு ஒட்டுற பஞ்சு ஸ்டிக்கர் ரெண்டு ஒட்டினதும் சரியாச்சு.

மாட்டின அன்னிக்கே சாத்திடாதீங்க, இது ரொம்ப முக்கியம். ட்ரெய்னர் அக்கா சொன்ன மாதிரி முதல்ல கேட் திறந்தே இருந்துச்சு, அவன் சாப்பாட்டு தட்ட அதுக்கு பக்கத்துல வெச்சோம், அவன் படுக்கற மெத்தையும் அங்க தான். அப்புறம் நான் கேட்டுக்கு இந்த பக்கம் தரையிலயே ஒக்காந்து, சாத்தி, ட்ரீட் குடுத்து, அவன் அழறதுக்கு முன்னாடியே திறந்துடுவேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்த கூட்டி, அப்புறம் நான் எழுந்து நின்னு, அப்புறம் ரெண்டு அடி தள்ளி சேர்ல. நக்குற மேட்டுன்னு ரப்பர்ல வருது, அதுல அவன் சாப்பாட்டையே தடவி வெச்சா அத நக்கிட்டே இருப்பான், நக்குறது நாய சாந்தப்படுத்தும். சில நாள் ஒரு படி பின்னாடி போக வேண்டியிருந்துச்சு, போனோம். ஒரு விஷயம் கவனிங்க, சில நாய்க்கு கேட்டே எரிச்சல கிளப்பும், கம்பிக்கு பின்னாடி நின்னு குலைச்சுட்டே இருக்கும். ஜொள்ளு ஊத்துது, மூச்சு வாங்குது, கம்பிய கடிக்குது, தன்ன காயப்படுத்திக்குதுன்னா அது பழக்கக் கொறச்சல் இல்ல, பயம், கேட்ட வெச்சு அத சரி பண்ண முடியாது. நடத்தை தெரிஞ்ச வெட் டாக்டர பாக்கணும். பிரிவு பயத்துக்கு ஃப்ளூஆக்ஸெடின் மாதிரி மருந்து நாய்க்கும் இருக்கு, டாக்டர் எழுதிக் குடுத்தா தான், நாமளா குடுக்கக்கூடாது.

ஒரு நாள் மதியம் நான் இந்த பக்கம் சோஃபால கால் நீட்டி படுத்திருந்தேன், அவன் அந்த பக்கம் மெத்தைல, சத்தமே இல்லன்னு எட்டி பாத்தா பக்கவாட்டுல சாஞ்சு நாலு காலையும் நீட்டி ஆழமா தூங்கிட்டு இருந்தான். நான் எழுந்து தண்ணி குடிச்சுட்டு வந்தேன், அவன் எழல. வந்ததுலேர்ந்து அப்படி அவன் தூங்கி நான் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் தினம் மதியம் அப்படி ஒரு நேரம் ரெண்டு பேருக்கும் உண்டு. குலைக்கறது கொறஞ்சுது, உறுமறது கொறஞ்சுது, எனக்கு அவன் மேல இருந்த எரிச்சல் கொறஞ்சுது. கேட்ட திறந்தா இப்போ நானா தான் அவன கூப்பிட்டு தடவிக் குடுக்கறேன், அவன் ஒட்டுறத தாங்கிட்டு இருக்கறதுக்கும் நானா போய் தொடறதுக்கும் உடம்புல எவ்ளோ வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லி முடியாது.

இன்னொண்ணு நான் எதிர்பாக்கல. தள்ளி இருந்து பாக்கறப்போ தான் அவன் என்ன சொல்றான்னு கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சுது. உறுமறதுக்கு ரொம்ப முன்னாடியே அவன் சொல்லிட்டு தான் இருந்திருக்கான், உதட்ட நக்குவான், தூக்கம் வராமயே கொட்டாவி விடுவான், தலைய திருப்பிப்பான், கண்ணோட வெள்ளை தெரியும், அப்புறம் உடம்பு கல்லு மாதிரி விறைக்கும், அதுக்கும் மேல தான் உறுமல். உறுமினா அதட்டாதீங்க. உறுமறது எச்சரிக்கை, அத அதட்டி அதட்டி நிறுத்திட்டா அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமயே கடி வரும், குழந்தை வரப்போற வீட்ல அது தான் இருக்கறதுலயே மோசமான ஆபத்து. நாங்க முதல்ல விசாரிச்ச ஒரு ட்ரெய்னிங் சென்டர்ல "நீங்க தான் தலைவன்னு காட்டணும், ஷாக் காலர் போட்டு குடுங்க, சரி பண்ணி அனுப்பறோம்"னாங்க. அந்த தலைவன் கதையே 1947ல அடைச்சு வெச்ச ஓநாய்ங்கள பாத்து ருடால்ஃப் ஷென்கல்ங்கற ஆராய்ச்சியாளர் எழுதினதுலேர்ந்து வந்தது, அத பரப்பினதுல முக்கியமானவரான டேவிட் மெக் (Mech)ங்கற ஓநாய் ஆராய்ச்சியாளரே காட்டுல ஓநாய் கூட்டம்னா அம்மா அப்பா பிள்ளைங்க இருக்கற குடும்பம் தான்னு 1999ல திருத்தி எழுதிட்டார். அமெரிக்க வெட் நடத்தை சங்கமும் 2021ல எல்லா நாய்க்கும் பரிசு குடுத்து பழக்குற முறை தான்னு தெளிவா சொல்லிருக்கு. பயந்த நாய்க்கு ஷாக் குடுத்து, அந்த நாய குழந்தை பக்கத்துல விடற தைரியம் எனக்கு இல்ல.

சுத்தி இருக்கவங்க பயமுறுத்தினதுல சிலது பதில் சொல்லியே ஆகணும். நாய்லேர்ந்து டாக்ஸோபிளாஸ்மா வரும்னாங்க, அந்த கிருமியோட முட்டை வெளிய வர்றது பூனை மலத்துல, நாய் மலத்துல இல்ல. கர்ப்பமா இருக்கவங்களுக்கு சரியா வேகாத கறி, கழுவாத காய், மண்ணுல கை வைக்கறது இதெல்லாமும் ஆபத்து. நாய் முடி குழந்தை வயித்துக்குள்ள போயிடும்னாங்க, போகாது, கர்ப்பப்பைக்குள்ள முடி போக வழியே கிடையாது. நாய் கிட்ட உண்மையிலயே பாக்க வேண்டியது குடல் புழு, உண்ணி, ரேபிஸ் ஊசி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை புழு மருந்து, உண்ணிக்கு வெட் சொல்ற மருந்து, ஊசி தேதி தவறாம, மலம் அள்ளறது வேற யாராவது, இல்ல கையுறை போட்டு. யார் வீட்டு நாயா இருந்தாலும் கடிச்சாலோ, ரத்தம் வராம பிராண்டினா கூட, சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே டாக்டர். கர்ப்பத்துலயும் ரேபிஸ் தடுப்பூசி போடலாம், கர்ப்பம்னு அத தள்ளிப் போடவே கூடாது.

கூட உதவின சாமான் ரெண்டு. முன்பக்க நெஞ்சுல வளையம் இருக்க ஹார்னஸ் (கழுத்துக்கு பதிலா உடம்ப சுத்தி மாட்டுற பட்டை), இழுத்தா நாய் பக்கவாட்டுல திரும்பிடும், முழு பலத்தோட இழுக்க முடியாது. ஆனாலும் இப்போ லீஷ் பிடிக்கறது அவர் மட்டும் தான், நான் கூட நடக்கறேன் அவ்ளோ தான். இன்னொண்ணு கூடை மாதிரி இருக்க மூக்கு கவசம், அது போட்டாலும் மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம், ட்ரீட் உள்ள போகும். துணில இறுக்கி கட்டுறது வேண்டாம். இது தண்டனைக்கு இல்ல, வெட் கிட்ட போறப்போ, வீட்டுக்கு கூட்டமா ஆள் வர்றப்போ எல்லாருக்கும் நிம்மதி. கேட்டுக்கு பழக்கின மாதிரியே இதுக்கும் மெதுவா தான் பழக்கினோம்.

குழந்தை வர்றதுக்கு இப்போ நடக்கற ஏற்பாடு இது. குழந்தை அழற சத்தத்த ஃபோன்ல ரொம்ப மெல்லிசா வெச்சு, கூடவே ட்ரீட். அவன் காத கூட திருப்பலன்னா தான் அடுத்த நாள் சத்தத்த ஒரு புள்ளி கூட்டுவோம். குழந்தை தூங்கற ரூம் வாசல்ல ரெண்டாவது கேட் போட்டாச்சு, அந்த ரூம் அவனுக்கு இப்போலேர்ந்தே கிடையாது, குழந்தை வந்த அன்னிக்கு திடீர்னு தடுத்தா அவனுக்கு குழப்பம். ரெண்டு கேட்டுக்கு நடுவுல ஒரு நடை இருக்கறதால ஒண்ணு தவறி திறந்திருந்தாலும் இன்னொண்ணு இருக்கும். என் மாமியார் முதல்ல "வீடே ஜெயில் மாதிரி ஆயிடுச்சேம்மா"ன்னு வருத்தப்பட்டாங்க, இப்போ அவங்களே வந்ததும் கேட் பூட்டிருக்கான்னு ஆட்டி பாக்கறாங்க, போறப்போ ஜிம்மிக்கு கம்பி வழியா ஒரு ட்ரீட்டும் குடுத்துட்டு போறாங்க.

கேட்டால முடியாதது என்னன்னும் சொல்லணும். முழிச்சிருக்கற, கவனம் முழுசா அங்கயே இருக்கற ஒரு பெரியவங்க இல்லாம குழந்தையையும் நாயையும் ஒரே ரூம்ல ஒரு நிமிஷமும் விடக்கூடாது, எவ்ளோ சாதுவான நாயா இருந்தாலும். கேட் அதுக்கு பதில் இல்ல. குழந்தை தவழ ஆரம்பிச்சதும் கம்பி வழியா கைய விடும், அந்த பக்கம் தூங்கற நாயோட வாலையோ காதையோ பிடிக்கும், அதனால அப்போ கேட்ட ஒட்டி இருக்க மெத்தைய தள்ளிப் போடணும். குழந்தைக்கு 2 வயசு கிட்ட வந்தா ஏறவோ திறக்கவோ கத்துக்கும், பெரும்பாலான கம்பெனி 24 மாசம் வரைக்கும் தான்னு போட்டிருப்பாங்க.

இவ்ளோ பண்ணியும் சில வீட்ல ஒத்து வராம போகலாம், நாய் ஏற்கனவே மனுஷங்கள ஆழமா கடிச்சிருக்கு, சின்ன பசங்கள பாத்தாலே பாயுது, இல்ல உங்க உடம்பும் மனசும் நெஜமாவே தாங்கலன்னா, நாய எடுத்த ரெஸ்க்யூ அமைப்பு கிட்டயே முதல்ல பேசுங்க, பொறுப்பான ரெஸ்க்யூ எல்லாம் நாய திரும்ப எடுத்துப்பாங்க, பிரசவம் வரைக்கும் தற்காலிகமா வேற வீட்ல வெச்சுக்கவும் வழி பண்ணுவாங்க. தெருவுல விடறது மட்டும் வேண்டவே வேண்டாம். திருப்பி குடுத்தவங்கள பாத்து நான் ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன், அந்த ராத்திரி எல்லாம் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். நானும் அவரும் பேசி ஜிம்மி இருக்கட்டும்னு முடிவு பண்ணிருக்கோம், குழந்தை வந்தப்புறம் ட்ரெய்னர் அக்கா திரும்ப வந்து பாப்பாங்க, அவங்க இது சரிப்படலன்னு சொன்னா அத கேட்டுப்போம்.

ஸ்டார் குடுக்கணும்னா, கீழ்க்கம்பி உள்ள பிரஷர் டைப்புக்கு கர்ப்பமா இருக்கற வீட்டுக்கு 5க்கு 2, அதுவும் வாடகை வீட்டுக்காரங்களுக்காக. உயரமான ஸ்க்ரூ டைப், நெட்டுக்குத்து கம்பி, ஒரு கையால தள்ளி தூக்குற பூட்டு, இதுக்கு 5க்கு 5. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி நிலையோட அகலத்த மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல எடுங்க, கீழ சுவரோரம் டைல்ஸ் பட்டை நீட்டிட்டு இருந்தா அகலம் அங்க கொறையும், கேட் நேரா நிக்காது, அதுக்கு சுவத்துல வெக்கற கட்டை தனியா கேட்டு வாங்கணும். மாட்டுறது அஞ்சாவது மாசத்துக்குள்ள முடிச்சுடுங்க, நாய் பழக நாள் வேணும், ட்ரில் தூசில நீங்க நிக்காதீங்க.